ஜெனரேட்டர் பிஸ்டனில் கரி கட்டுகிறது, ஆயிலை மாற்றினால் சரியாகுமா?

பள்ளத்தூர் பந்தல்:
கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி, முன்னோருக்குப் போடும் படைப்பு என்று காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் பந்தலோடு 25 கேவிஏ டீசல் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறேன். இரண்டு மாதமாக ஆயில் குடித்து நீலப் புகை விட்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டனின் மேல் ரிங் (வளையம்) தன் காடியிலேயே, அதாவது அது உட்காரும் பள்ளத்திலேயே, ஒட்டிக்கொண்டு அசையவில்லை, பிஸ்டன் பக்கவாட்டில் அரக்கு பூசியது போல் பழுப்பு, அதன்மேல் கெட்டிக் கரி. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றுகிறேன், ஆனால் விலை குறைந்த ஆயில்தான். அதுதான் காரணமா?

ஆயில் லேப்:
பெரும்பங்கு அதுதான். மேல் ரிங் காடியில் சூடு 200 டிகிரியைத் தாண்டும், அங்கே தங்கும் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து முதலில் அரக்காகிறது, அந்தப் பசையில் புகைக்கரி வந்து ஒட்டி இறுகிவிடுகிறது. நல்ல டீசல் ஆயிலில் கால்சியம் சல்ஃபோனேட், ஃபீனேட் மாதிரி டிடர்ஜென்ட் இருக்கும். அது அமிலத்தையும் முறிக்கும், பிஸ்டன் மேல் படிவதையும் தடுக்கும். கூடவே சக்சினிமைடு டிஸ்பர்சன்ட், கரித்துகள்களை ஒன்றோடொன்று சேரவிடாமல் ஆயிலிலேயே மிதக்க வைக்கும், அதனால்தான் ஆயில் சீக்கிரம் கறுக்கிறது, அதைப் பார்த்து ஆயில் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். கேனில் ஏபிஐ சிஐ-4 என்ற டீசல் ஆயில் தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள், பழைய சிஎஃப் தரத்தைவிட எவ்வளவோ மேல்.

தேவகோட்டை மெக்கானிக்:
அண்ணே, லோடு எவ்வளவு ஓடுகிறது? 25 கேவிஏ என்றால் 20 கிலோவாட். படைப்பு வீட்டில் வளவு (உள்முற்றம்) விளக்கும் நாலு ஃபேனும் மட்டும் என்றால் 2 கிலோவாட் கூட வராது. 30 சதவீதத்துக்குக் கீழேயே ராத்திரி முழுக்க ஓடினால் ரிங் சிலிண்டர் சுவரோடு சரியாக அழுந்தாது, டீசலும் முழுசாக எரியாது, எரியாதது ஆயிலில் இறங்கும். அப்போது எந்த உயர்ந்த ஆயிலும் தோற்றுத்தான் போகும். சின்ன வேலைக்கு 5 கேவிஏ ஒன்று தனியாக வையுங்கள்.

பள்ளத்தூர் பந்தல்:
நீங்கள் சொன்னது அப்படியே என் கதை தம்பி. புது ஆயில் ஊற்றினால் இப்போது ஒட்டியிருக்கிற ரிங் விடுமா?

ஆயில் லேப்:
இறுகிய கரியை ஆயில் கரைக்காது. ரிங்கைக் கழற்றிக் காடியைச் சுத்தம் செய்து புது ரிங் போடுங்கள். டீசல் ஊற்றி என்ஜினைக் கழுவச் சொன்னால் வேண்டாம், மிச்சம் தங்கி புது ஆயிலை நீர்க்க வைத்துவிடும். பழைய கசடு கழன்று வரும், அதனால் முதல் ஆயிலையும் ஃபில்டரையும் 100 மணி நேரத்திலேயே மாற்றுங்கள். ஆடி, மார்கழியில் ஜெனரேட்டர் சும்மா நின்றாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றம் கட்டாயம்.