புதுப்பிப்பு: தொற்றுக் காலத்தில் வீடு மாறிவிட்டோம்

கொரோனா பரவும் நேரத்தில், ஆஸ்துமா உள்ள அம்மாவுடன் எப்படிப் பாதுகாப்பாக வீடு மாறுவது என்று முன்பு கேட்டிருந்தேன். மாறிவிட்டோம், எல்லோரும் நலம். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பெட்டிகளைத் துடைப்பது பற்றியே பலரும் எழுதியிருந்தீர்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வக ஆய்வில், அட்டையின் மீது 24 மணி நேரத்துக்குப் பிறகு உயிர்ப்புள்ள வைரஸ் தென்படவில்லை. அதனால் அவசரமில்லாத அட்டைப்பெட்டிகளை ஒரு நாள் தொடாமல் விட்டோம். கைகளைச் சோப்பால் கழுவினோம். அதற்கு மேல் மெனக்கெடவில்லை.

பெரிய ஆபத்து காற்றில்தான் இருக்கிறது. பீரோவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுபவருக்கு மூச்சு வாங்கும். அப்போது நுண்துளிகளும் அதிகம் வெளிவரும். வியர்வையில் நனைந்த முகக்கவசத்தோடு மூச்சுவிடுவதும் கடினம். எனவே சுமை தூக்க வந்தவர்களுக்கு மாற்று முகக்கவசங்களை வாசலிலேயே வைத்தோம், இடையிடையே வெளியே ஓய்வெடுக்கச் சொன்னோம். வீடு வீடாகப் போகும் அவர்களுக்குத்தான் நம்மைவிட ஆபத்து அதிகம்; இதை யாருமே பேசாதது எனக்கு வருத்தம். லிஃப்டில் சாமான்கள் மட்டுமே போயின. கதவு, ஜன்னல்களை முழுக்கத் திறந்து வைத்தோம். எல்லோரும் கிளம்பி, வீடு நன்றாகக் காற்றாடிய பிறகே அம்மாவை அழைத்து வந்தோம்.

ஒருவர் பிளீச்சிங் கரைசலில் வினிகர் கலந்து தரை துடைக்கச் சொல்லியிருந்தார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மிகவும் ஆபத்து.