‘இன்டோலன்ட்’ என்ற மருத்துவச் சொல்லுக்கு என்ன பொருள்?

கேள்வி:
என் தந்தையாருக்குக் கழுத்தில் நெறி கட்டி, வலியே இல்லாமல் ஓராண்டாக அப்படியே இருந்ததால், சென்ற மாதம் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தோம். ஃபாலிக்குலர் லிம்ஃபோமா, இன்டோலன்ட் வகை என்று அறிக்கை வந்துள்ளது. அகராதியில் அச்சொல்லுக்குச் ‘சோம்பலான’ என்ற பொருளே இருக்கிறது. மருத்துவரோ இப்போது சிகிச்சை வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்கிறார். அப்படியானால் இது சாதாரணக் கட்டிதான் என்று அப்பாவிடம் சொல்லிவிடலாமா?

மறுமொழி 1:
நோய்க்குறியியல் துறையில் பணிபுரிகிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். கொழுப்புக் கட்டி போன்ற தீங்கற்ற கட்டிகள் வேறு இனம். இன்டோலன்ட் என்பது புற்றுநோய்க்குள்ளேயே அதன் வேகத்தைக் குறிக்கும் அடைமொழி. லிம்ஃபோமா என்பது நிணநீர்ப் புற்று. உங்கள் தந்தையாருக்கு வந்திருக்கும் ஃபாலிக்குலர் வகையில், பெரும்பாலோரிடம் 14, 18ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி, பிசிஎல்-2 என்ற புரதம் அளவுக்கு மீறிச் சுரப்பதால், மடிய வேண்டிய வெள்ளையணுக்கள் மடியாமல் தங்கிவிடுகின்றன. அணுக்கள் விரைந்து பெருகுவதைவிடச் சாகாமல் சேர்வதே இங்கே கட்டியை உண்டாக்குகிறது என்பதால்தான் வளர்ச்சி மெதுவாக இருக்கிறது.

இதில் பலருக்கும் புரியாத முரண் ஒன்று உண்டு. வேகமாக வளரும் பெரிய பி-அணு லிம்ஃபோமா என்ற வேறொரு நிணநீர்ப் புற்றைப் பாதிக்கு மேற்பட்டோரிடம் மருந்தால் முற்றிலும் குணப்படுத்த முடிகிறது. மெல்ல வளரும் இதுவோ, உடலில் பரவிய நிலையில், மருந்துக்கு நன்றாக அடங்கினாலும் வேரோடு போவது அரிது, ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும். அறிகுறியற்ற 309 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், உடனே குளோராம்புசில் என்ற புற்று மருந்து மாத்திரையைத் தொடங்கியவர்களும் காத்திருந்தவர்களும் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே உங்கள் மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்று உறவினர் யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

மறுமொழி 2:
மருத்துவ நூல்களை மொழிபெயர்க்கிறவள் என்ற முறையில் சொல்லைப் பற்றி மட்டும் கூறுகிறேன். லத்தீனில் ‘டோலேரே’ என்றால் நோதல்; முன்னே நிற்கும் ‘இன்’ எதிர்மறை. நோகாதது என்பதே மூலப்பொருள். வலியில்லாத புண்ணையும் கட்டியையும் மருத்துவர்கள் முதலில் அப்படி அழைத்தார்கள்; சோம்பல் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் நோவும் நோயும் ஒரே வேரில் பிறந்தவை என்பதால் ‘நோவில்லாத நோய்’ என்று எழுத ஆசை வரும். ஆனால் இன்று மருத்துவர்கள் அச்சொல்லால் வலியைக் குறிப்பதில்லை. நான் ‘மந்த வளர்ச்சிப் புற்று’ என்று எழுதி வருகிறேன்.

மறுமொழி 1:
மந்தம் என்றால் நம் மக்களுக்கு வயிற்று மந்தம்தான் நினைவுக்கு வரும். ‘மெல்ல வளரும்’ என்பதே போதும். மேலும், இன்டோலன்ட் என்ற சொல் உறுப்புக்கு உறுப்பு வேறு கனம் பெறுகிறது. ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில் 1993 முதல், 1 செ.மீ.க்கு மேற்படாத பாப்பில்லரி வகைத் தைராய்டு புற்றை அறுக்காமல் கண்காணித்து வருகிறார்கள்; பத்தாண்டுகளில் 3 மி.மீ.யோ அதற்கு மேலோ வளர்ந்தவை 8 விழுக்காடே. அங்கே பலருக்கு வாழ்நாள் முழுவதும் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம். லிம்ஃபோமாவில் காத்திருப்பது பெரும்பாலும் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே. அதோடு, ஆண்டுக்கு நூற்றில் இரண்டு மூன்று பேரிடம் அது வேகமான வகையாக மாறிவிடுகிறது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மெல்ல வளரும் நிணநீர்ப் புற்று என்றே அப்பாவிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, அப்படியென்றால் மருந்தை எப்போது தொடங்குவார்கள் என்று கேட்டார்.

மறுமொழி 1:
நியாயமான கேள்வி. ஒரு கட்டி 7 செ.மீ.யைத் தாண்டுவது, மூன்று இடங்களில் 3 செ.மீ.க்கு மேற்பட்ட நெறிகள் தோன்றுவது, மண்ணீரல் வீங்குவது, இரத்த அணுக்கள் குறைவது, காரணமற்ற காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடைக் குறைவு ஆகியவற்றையே பொதுவாகப் பார்ப்பார்கள். ஏதேனும் ஒரு நெறி மட்டும் திடீரென்று பெருத்தால் மூன்று மாதம் முடியட்டும் என்று இருக்க வேண்டாம். உடனே அழைத்துச் செல்லுங்கள்.