டொர்னேடோ அபூர்வமான பகுதியில் வீட்டுக்கு எவ்வளவு முன்னேற்பாடு போதும்?

சாளரம்: எங்கள் பகுதியில் டொர்னேடோ (சுழற்காற்று) எப்போதாவதுதான். மாடி வீடு, நிலவறை கிடையாது, மரக்கூரை, முன்புறம் இரண்டு கார் நிற்கும் கராஜ். பாதுகாப்பு அறை கட்டுவது வீண் செலவா?

கைமரம்: உங்கள் நிலைமைக்கு அது கடைசி வேலை. டொர்னேடோக்களில் பெரும்பாலானவை இஎஃப்0, இஎஃப்1 ரகம், அதாவது வலிமை அளவுகோலின் கீழ் இரண்டு படிகள். காற்று மணிக்கு 105 முதல் 177 கி.மீ. பிடிமானம் சரியாக இருந்தால் வீடு நிற்கும். முதலில் கராஜ் கதவு. அகலமான மெல்லிய தகடு அது. உள்ளே மடிந்தால் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று அதே நேரம் இழுக்கும். காற்றழுத்தம் தாங்கும் கதவு மாற்றுங்கள், இல்லையேல் அந்தக் கதவுக்கே உரிய முட்டுச்சட்டங்கள் போடுங்கள்.

பிறகு டார்ச்சோடு கூரைக்குள் ஏறி, கைமரம் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) சுவரின் மேல்சட்டத்தில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். சாய்வாக அடித்த இரண்டு மூன்று ஆணி மட்டும் தெரிந்தால் போதாது. கைமரத்துக்கு ஒன்றாக, அதைச் சுவரோடு பிணைக்கும் கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) கிளிப் வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன ஆணியை, சொன்ன ஓட்டை அத்தனையிலும் அடிக்க வேண்டும். ட்ரைவால் ஸ்க்ரூ (ஜிப்சம் பலகை மாட்டுவது) வேண்டாம், பக்கவாட்டு விசையில் சட்டென்று ஒடியும். சாதாரணப் புயல்காற்றுக்கும் இதே வேலைதான் உதவும், காசு வீணாகாது.

சாளரம்: அழுத்தம் சமமாக ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார்களே?

மேகவலை: அது பழைய கட்டுக்கதை, இன்னும் சாகவில்லை. ஜன்னலை மூடுங்கள், உள்கதவுகளையும் சாத்துங்கள். கூரை மீதான அழுத்தம் குறையும். ஒதுங்குவதற்குக் கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத சின்ன அறை: படிக்கட்டுக்கு அடியில், அல்லது நடுவிலுள்ள குளியலறை. காயம் பெரும்பாலும் பறந்து வரும் பொருளால்தான், அதனால் தலைக்கு ஒரு ஹெல்மெட் அங்கேயே இருக்கட்டும். செருப்பு போதாது, அடி கெட்டியான ஷூவும் வையுங்கள். வெளியே வரும்போது கண்ணாடியும் ஆணியும்தான் தரையில் கிடக்கும். விசில், டார்ச்சும் சேர்த்து வையுங்கள்.

கைமரம்: இரவில் போன் சைலன்ட்டில் இருந்தாலும் அவசர எச்சரிக்கை ஒலிக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். வானிலை அறிவிப்பில் ‘கண்காணிப்பு’ என்றால் டொர்னேடோ உருவாகச் சூழல் சாதகம், அவ்வளவே. ‘எச்சரிக்கை’ என்றால் கண்ணிலோ ராடாரிலோ பட்டுவிட்டது. அப்போது வாசலில் நின்று வேடிக்கை பார்க்காமல் உடனே அறைக்குள் போக வேண்டும்.

மேகவலை: முடிந்தபின் கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியேறுங்கள். வால்வு வெளியே இருந்தால் மூடலாம். திரும்பத் திறப்பது கேஸ் கம்பெனி ஆள் வேலை.