இனே ஊரின் படகு வீடுகள்: போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மரத்தச்சன்:
ஜப்பானில் கியோட்டோ மாகாணத்தின் வடகோடி, தாங்கோ தீபகற்பம். சுமார் 5 கி.மீ. நீளும் விரிகுடாக் கரையில் ஏறத்தாழ 230 படகு வீடுகள், ஊர்ப்பேச்சில் ‘ஃபுனாயா’. கீழ்த்தளம் தண்ணீருக்குள் சரிந்து இறங்கும். படகை இழுத்து ஏற்றத்தான் அந்தச் சரிவு. மரப்படகு நீரிலேயே கிடந்தால் புழு துளைத்துவிடும், உளுத்தும் போகும். அதனால் அந்தக் காலத்தில் ஏற்றிக் காயவைத்தார்கள். மேலே வலையும் சாமானும். தூணுக்கு ஷீ மரம் (ஓக் குடும்பத்து மரம்), உத்தரத்துக்குப் பைன்.

கடலை ஒட்டி இவ்வளவு தாழ்வாகக் கட்ட முடிவது ஏன்? கடலின் ஏற்றவற்றம் 50 செ.மீ. அளவுதான். குடாவின் வாய் தெற்கே, மூன்று பக்கமும் மலை, வாயிலில் ஆவோஷிமா தீவு. குளிர்காலத்து வடமேற்கு அலை உள்ளே நுழைய வழியில்லை.

கடலோடி:
‘வீடு’ என்றதற்கு ஒரு திருத்தம். குடும்பம் வழக்கமாகக் குடியிருப்பது சாலைக்கு மறுபக்கம், மலையடியில் உள்ள வீட்டில். ஃபுனாயா படகுக்கான கொட்டகை. இப்போதைய ஃபைபர் படகுகள் உள்ளே கொள்ளாமல் வெளியே கட்டிக்கிடக்கின்றன. பல ஃபுனாயாக்களின் மேல்மாடிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. 2005இல் அரசு இதைப் பாரம்பரியக் கட்டடங்களுக்கான பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது.

வீட்டு வாசலில் ‘மொந்தோரி’ என்ற மீன் கூட்டைப் பாருங்கள். மீன் கழிவை இரையாக வைத்துக் கயிற்றில் இறக்குவார்கள். பிறகு தூக்கினால் அன்றைய குழம்புக்கு ஆயிற்று.

பருந்துப்பார்வை:
சுற்றுலாப் படகில் கடற்காகங்களுக்கு இறால் வறுவல் போடுவது வழக்கம். கூடவே பருந்தும் வரும், அதுவும் முதுகுப் பக்கமாக. வறுவல் துண்டைத் தலைக்குமேல் பிடித்தால் விரலில் நகம் பதியும். தண்ணீர்ப் பக்கம் தூக்கி எறிந்துவிடுங்கள். கரையில் தின்பண்டத்தோடு நடப்பவர்களுக்கும் இதே கதிதான்.

இந்தக் குடாவுக்குள் ஒரு காலத்தில் திமிங்கிலமும் வந்தது. குடாவின் வாயை வலையால் அடைத்துப் பிடித்தார்கள். 1656 முதல் 1913 வரை 350க்கு மேல் என்கிறது ஊர்ப்பதிவு. ஆவோஷிமாவில் திமிங்கிலத்துக்குக் கல்லறையே உண்டு.

நூலிழை:
நேரம் இருந்தால் பக்கத்து மியாசு நகரின் மலையூரான கமிசேயாவுக்கும் போங்கள். காட்டு விஸ்டீரியாக் கொடியில் துணி நெய்கிறார்கள். பட்டையை உரித்து, உள்நாரை மரச்சாம்பல் நீரில் வேகவைத்து, ஆற்றில் வழித்து அலசுவார்கள். அடுத்து தவிட்டு நீரில் முக்குவது. இது விட்டுப்போனால் நார் வழுவழுப்பாகாது, கையில் சிக்கும். நுனிகளை முடிச்சுப் போடாமல் முறுக்கியே இணைப்பார்கள். முடிச்சு விழுந்தால் தறியில் மாட்டும்.