வெளிநாடு வந்த புதிதில் பொருள் தொலைந்தால் என்ன செய்வது

புதிதாக வந்து இறங்கியவர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். வந்த முதல் சில வாரங்களில்தான் பொருள் அதிகம் தொலையும். கவனம் போதாது என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். வீடு இன்னும் அமையவில்லை, பூட்டி வைக்க ஓர் அலமாரி கிடையாது, பாஸ்போர்ட், சர்டிபிகேட், பணம், ஊர் சிம் எல்லாம் ஒரே பையில் தோளில் தொங்குகிறது, வங்கிக்கும் வேலைக்கும் வீடு பார்க்கவும் அதையே தூக்கிக்கொண்டு அலைகிறோம், தூக்கமும் சரியாக இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் யாருக்கும் நடக்கும்.

ஆனால் தொலைந்த பிறகு நம்மவர்கள் தயங்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. பாஷை சரியாக வராது, போலீஸ் என்றால் வம்பு, ரெண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ரெண்டு நாளில் கார்டிலிருந்து பணம் போய்விடும், புகாருக்கான கெடுவும் ஓடிக்கொண்டிருக்கும். உடைந்த ஆங்கிலமோ உள்ளூர் பாஷையோ எதுவானாலும் சரி, அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்து அதற்கு ஓர் எண் வாங்கிவிடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தது பிறகு எங்கேயும் செல்லாது. காப்பீடு, தூதரகம், வங்கி, எங்கே போனாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.

விமான நிலையத்திலேயே பெட்டி வரவில்லை என்றால் வெளியே போகாதீர்கள், பெல்ட் இருக்கும் பகுதியிலேயே பேக்கேஜ் கவுன்டர் இருக்கும். அங்கே பி.ஐ.ஆர். என்ற, பெட்டி வராததைப் பற்றிய அறிக்கையைப் பதிவு செய்து ஓர் எண் தருவார்கள். அதில் முதல் மூன்று எழுத்து விமான நிலையத்தையும் அடுத்த இரண்டு விமான நிறுவனத்தையும் குறிக்கும், பிறகு ஐந்து இலக்கங்கள் வரும். செக்-இன் செய்யும்போது போர்டிங் பாஸில் ஒட்டித் தரும் சின்ன ஸ்டிக்கரில் பத்து இலக்க எண் இருக்கும், பெட்டியை அடையாளம் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான். பலர் அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள். அதையும் பெட்டியையும் கிளம்புமுன் போனில் படம் எடுத்து வையுங்கள். ‘கறுப்புப் பெட்டி, சக்கரம் உண்டு’ என்று மட்டும் எழுதினால் பிரயோசனமில்லை, பெல்ட்டில் சுற்றும் பாதிப் பெட்டிகள் அப்படித்தான் இருக்கின்றன. எந்த பிராண்ட், எந்த மூலையில் கீறல், திறந்தால் மேலாக என்ன இருக்கும் என்று எழுதுங்கள். ஸ்டிக்கர் கிழிந்த பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் உரியவரைத் தேடுவார்கள், அதனால் உள்ளேயும் பெயர், மின்னஞ்சல் எழுதிய ஒரு தாள் இருக்கட்டும்.

சர்வதேச விமானப் பயணங்களில் இழப்பீட்டுக்குப் பெரும்பாலும் 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைதான் செல்லும். பெட்டி சேதமாகி வந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வர வேண்டிய தேதியிலிருந்து 21 நாள் ஆகியும் வரவில்லை என்றால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். வழக்குப் போடுவதாக இருந்தால் 2 ஆண்டுக்குள். இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில். அது அப்படியே கைக்கு வரும் தொகை இல்லை, என்ன இருந்தது, என்ன மதிப்பு என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பெட்டி வரும்வரை வாங்கிய துணி, சோப்பு, பிரஷ் எல்லாவற்றுக்கும் பில்லை வைத்திருங்கள். நகை, பணம், மருந்து, அசல் சர்டிபிகேட் ஆகியவற்றைச் செக்-இன் பெட்டியில் போடவே போடாதீர்கள், தயவுசெய்து.

அடுத்தது போன். புது இடத்தில் போன் போனால் வழி தெரியாது, வங்கி ஆப் இல்லை, ஓ.டி.பி. வருகிற ஊர் சிம்மும் அதோடு போச்சு. திரையைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்ற நம்பிக்கை போதாது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓ.டி.பி. அங்கே வரும். அதற்குத்தான் சிம் பின், அதாவது சிம்முக்கே போடும் ரகசிய எண். செட்டிங்ஸில் இன்றைக்கே போட்டுவிடுங்கள், மூன்று தடவை தப்பாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும், பிறகு சிம் நிறுவனம் தரும் பி.யு.கே. என்ற திறப்பு எண் இல்லாமல் திறக்காது. *#06# அடித்தால் வருகிற 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, தாளில் எழுதி வையுங்கள். போன் இல்லாதபோதும் மின்னஞ்சலுக்குள் நுழைய உதவும் பேக்கப் கோடுகளையும் அச்செடுத்து வீட்டில் வையுங்கள். ஊர் சிம்மை வெளிநாட்டிலிருந்து மாற்றி வாங்குவது பெரும் பாடு, ஆகவே முடிந்த கணக்குகளையெல்லாம் அந்த எண்ணை நம்பியிராதபடி மாற்றிவிடுவது நல்லது.

தொலைந்துவிட்டால் வேறு யாருடைய போனிலாவது உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் உள்நுழைந்து முதலில் போனை ‘தொலைந்தது’ என்று பூட்டுங்கள், பிறகு சிம்மை முடக்கச் சொல்லுங்கள், வங்கியில் கார்டை நிறுத்துங்கள். அவசரப்பட்டு அந்தக் கணக்கிலிருந்து போனை நீக்கிவிடாதீர்கள், நீக்கினால் எடுத்தவர் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள வழி திறந்துவிடும். சில நாள் கழித்து ‘உங்கள் போன் கிடைத்துவிட்டது, இங்கே லாகின் செய்யுங்கள்’ என்று ஒரு செய்தி வரலாம். தவித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கை தானாக அதை அழுத்தப் போகும். பாஸ்வேர்டைப் பிடுங்குவதற்காகத் திருடர்கள் அனுப்புவது அது, தொடாதீர்கள்.

பர்ஸ், சாவிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாவி போனால் வீட்டு உரிமையாளருக்கு உடனே சொல்லுங்கள், முகவரி எழுதிய எதுவும் சாவியோடு சேர்ந்து இருக்கக் கூடாது. பஸ், ரயிலில் விட்டது என்றால் எந்தத் தடம், எத்தனை மணி, எங்கே ஏறினீர்கள் என்று மறக்குமுன் எழுதிக்கொள்ளுங்கள், டிக்கெட் இருந்தால் பத்திரம். கிடைத்த பொருள் டிப்போவுக்குப் போய் அப்புறம்தான் பொருள் ஒப்படைக்கும் அலுவலகத்துக்கு வரும், அதனால் முதல் நாள் ‘இல்லை’ என்று சொன்னாலும் அந்த வாரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருங்கள். கூச்சப்படாதீர்கள்.

கடைசியாகப் பாஸ்போர்ட். போலீஸ் புகார், அதன் நகல், பிறகு நம் தூதரகம். முதல் பக்கம், விசாப் பக்கம், வந்திறங்கிய நாள் முத்திரை, இந்த மூன்றின் படமும் மின்னஞ்சலில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. விசா பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தால், புதிய பாஸ்போர்ட் கிடைப்பதோடு விஷயம் முடியாது, அந்த நாட்டுக் குடியேற்ற அலுவலகத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். தூதரகம் தரும் அவசரப் பயணச் சான்று பெரும்பாலும் ஊர் திரும்ப மட்டும்தான், அதை வாங்குமுன் திரும்பி வர முடியுமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புகார் கொடுத்த பிறகு பழைய பாஸ்போர்ட் கிடைத்தாலும் அதை வைத்துப் பயணம் செய்யாதீர்கள். அது ரத்தாகியிருக்கும், சர்வதேச போலீஸ் அமைப்பான இன்டர்போலின் தொலைந்த பயண ஆவணங்கள் பட்டியலிலும் ஏறியிருக்கலாம், எல்லையில் நிறுத்திவிடுவார்கள். தூதரகத்தில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.