பொருள்: கார் அலாரம் சும்மா அடிப்பதற்கு என்ன சொல்?

கல்லடி, தொழிற்பயிற்சி ஆசிரியர்:
மோட்டார் வாகன வகுப்புப் பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. கள்ளனும் இல்லை, கதவை யாரும் தொடவும் இல்லை, ஆனால் அலாரம் அடிக்கிறது. இந்தப் பழுதுக்குப் பழைய குறிப்பில் ‘காரணமின்றி ஒலித்தல்’ என்று இருக்கிறது. காரணமே இல்லை என்று தலைப்பில் எழுதிவிட்டால் பிள்ளைகள் எதைத் தேடுவார்கள்? ‘பொய்யலறல்’ சரிவருமா?

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, புணர்ச்சியில் குற்றமில்லை. ஆனாலும் ‘வீணலர்’ இன்னும் பொருந்தும். அகத்திணையில் அலர் என்பது ஊரெல்லாம் எழும் பேச்சு. குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. ஒரு வீட்டு வண்டி கத்த ஊரே எழும்புகிறதல்லவா? 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் இது. வேருள்ள சொல்லை எடுக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

அக்கரைப்பற்று, மொழிபெயர்ப்பாளர்:
மாஸ்டர், குறளின் அலர் பொய்யில்லையே. காதல் உண்மை. அதனால்தான் ‘அலரெழ ஆருயிர் நிற்கும்’ என்று தலைவன் ஆறுதல் கொள்கிறான். நமக்கு வேண்டியது நேர்மாறு. ‘வெற்றொலி’ என்று வைப்போம்.

கல்முனை, கராஜ் வைத்திருப்பவர்:
அது காதுக்கு வெற்றி ஒலி போலக் கேட்கிறது.

காரைதீவு:
வெற்றியும் ஒலியும் சேர்ந்தால் ‘வெற்றியொலி’. இலக்கணப்படி மயக்கமே வராது.

கல்முனை:
மாஸ்டர், பெடியன்கள் காதால்தான் படிக்கிறார்கள். வேலையைச் சொல்கிறேன். கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் பொனட் ஆளி (சுவிட்ச்) உப்புக்காற்றில் துருப்பிடித்துவிடும். பொனட் மூடியிருந்தாலும் திறந்ததாகச் சேதி போகும். பற்றரி இறங்கி மின்னழுத்தம் விழுந்தால், யாரோ வயரில் கைவைத்ததாகச் சில அலாரங்கள் எடுத்துக்கொள்ளும். இங்கெல்லாம் அலாரம் பொய் சொல்லவில்லை, அதற்கு வந்த சேதிதான் பிழை. மாரிகால இடிமுழக்கத்துக்கும் லொறி அதிர்வுக்கும் அடிப்பது வேறு கதை. அங்கே அதிர்வு உணரி நன்றாகவே வேலை செய்கிறது, உணர்திறனைக் குறைத்தால் போதும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் பெடியன் நல்ல உணரியைக் கழற்றி மாற்றுவான், துருப்பிடித்த ஆளி அப்படியே கிடக்கும்.

கல்லடி:
அண்ணன் சொல்வதுதான் எனக்கும் படுகிறது. சேதி பிழைத்தால் ‘பிழைத்தூண்டல்’, உணரி கூர்மை கூடினால் ‘மிகையுணர்வு’. சரியா?

அக்கரைப்பற்று:
தூண்டல் வேண்டாம். விஞ்ஞானப் பாடநூலில் மின்காந்தத் தூண்டல் இருக்கிறது. அந்தத் தூண்டலால் இயங்கும் எரிபற்றல் சுருளை இதே மாணவர்கள் படிக்கும்போது குழம்புவார்கள். ‘பிழைச்சைகை’ எப்படி?

கல்முனை:
நல்லது. தலைப்பு ‘பிழை அலாரம்’ என்றே இருக்கட்டும். கராஜில் அலாரம் என்றால்தான் விளங்கும்.

காரைதீவு:
ஆளி, உணரி என்று அழகாக எழுதிவிட்டுத் தலைப்பில் அலாரமா? குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் கிளி ஓட்டத் தட்டை, குளிர் என்ற ஒலிக்கருவிகளை வைத்திருந்தார்கள். காவல் கருவிக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. ‘தட்டை’யை எடுத்தாளலாம்.

அக்கரைப்பற்று:
தட்டை என்றால் இன்று எல்லாருக்கும் சப்பையான பொருள்தான் மாஸ்டர்.

கல்லடி:
நேரமில்லை. தலைப்பு ‘பிழை அலாரம்’, அதன் கீழ் ‘பிழைச்சைகை’, ‘மிகையுணர்வு’ என்று அனுப்புகிறேன். மறுப்பு இருந்தால் நாளைக்குள் எழுதுங்கள்.

காரைதீவு:
உட்தலைப்புகள் இரண்டும் சரி. தலைப்புக்கு என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள் தம்பி. அடுத்த பதிப்புக்கு முன் விரிவாக எழுதுவேன்.