தோட்டா வெடிக்காமல் போகிறது: கையால் நிரப்பியதை வாங்கலாமா?

தம்பலகாமம் வயல்காரன்:
வணக்கம். பன்றிக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு 12 போர் துவக்கு வைத்திருக்கிறேன், அப்பா காலத்தது. மாரி தொடங்கியதிலிருந்து கம்பனித் தோட்டாக்கள் சில வெடிப்பதில்லை. 'கிளிக்' என்ற சத்தம் மட்டும்தான். பழைய கோதுகளில் கையால் மருந்து நிரப்பித் தருவதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். விலையும் குறைவு. நம்பலாமா?

மூதூர் அண்ணன்:
வேண்டாம் தம்பி. வெளிநாட்டில் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர் தாங்களே நிரப்புவது உண்மை. தராசில் நிறுத்து, தங்கள் துவக்குக்கு ஏற்றபடி ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி செய்வார்கள். அப்படிச் செய்தது கம்பனித் தோட்டாவை விடவும் ஒழுங்காகப் போகும். ஆனால் யாரோ கரண்டியால் அள்ளிப் போட்டது வேறு கதை. பழைய கரிமருந்துக்குரிய அளவில், அதைவிடச் சக்தி கூடிய புகையில்லா மருந்தைக் கொட்டினால் குழல் பிளந்துவிடும். மருந்து குறைந்தாலும் ஆபத்துதான்: 'புஸ்' என்ற சத்தத்தோடு மருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவில் உள்ள அடைப்பு குழலுக்குள் நின்றுவிடும், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துவக்கு வெடிக்கும். கம்பனியில் ஒவ்வொரு தொகுதியிலும் எடுத்து அழுத்தம் சோதிப்பார்கள். நீங்கள் காசு கொடுப்பது அதற்கும் சேர்த்துத்தான். தவிர, 1956 வெடிபொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் இந்த வேலை செய்வது குற்றம்.

வெடிக்காத தோட்டாவின் அடியில் உள்ள கேப்பை, அதாவது ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் மூடியைப் பாருங்கள். ஊசி பட்ட பள்ளம் ஆழமா, மேலோட்டமா?

தம்பலகாமம் வயல்காரன்:
மேலோட்டமாகத்தான் இருக்கிறது அண்ணன். இடது குழலில்தான் கூட. தோட்டாப் பெட்டி வயல் குடிசையில் கிடந்தது, இரண்டு மூன்று கொஞ்சம் ஊதியும் இருக்கின்றன.

மூதூர் அண்ணன்:
அப்படியென்றால் இரண்டு கோளாறு. இடது ஊசி தேய்ந்திருக்கும், இல்லையென்றால் அதன் வில் தளர்ந்திருக்கும். அந்த ஊசிக்குக் கையால் நிரப்பியதும் வெடிக்காது. உரிமம் உள்ள துவக்குத் திருத்துபவரிடம் கொடுங்கள். மற்றது ஈரம். ஈரம் குடித்த தோட்டாவைத் திரும்பப் போடவே கூடாது.

நிலாவெளி:
ஒன்று சேர்க்கிறேன். 'கிளிக்' கேட்டவுடன் துவக்கைத் திறக்காதீர்கள். கேப் தாமதமாகப் பற்றுவது உண்டு. ஆளில்லாத பக்கம் நீட்டியபடி குறைந்தது 30 விநாடி நில்லுங்கள். அப்புறம் திறந்து, தோட்டாவை எடுத்துக் குழலுக்குள் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய துவக்கு என்கிறீர்கள், தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீற்றர் நீளமா என்றும் அளக்கச் சொல்லுங்கள். இப்போது கடையில் வருவதில் 70 அதிகம். 65 அறைக்குள் 70 போகும், சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடும்.

தம்பலகாமம் வயல்காரன்:
மிக்க நன்றி. அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊதிய தோட்டாக்களை வெயிலில் காயவைக்கலாமா?

மூதூர் அண்ணன்:
கூடாது. அடுப்பிலோ கிணற்றிலோ போடவும் வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தனியாகப் பூட்டி வைத்து, பொலிஸ் நிலையத்தில் சொல்லி ஒப்படையுங்கள். புதிய பெட்டியை வீட்டுக்குள், தகர டப்பாவில் இறுக மூடி வையுங்கள்.